கீசர் வால்வில் தண்ணீர் சொட்டுதா? அடைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

“அண்ணாச்சி, கீசருக்குக் கீழ ஒரு வால்வு இருக்குல்ல, அதுல சொட்டுச் சொட்டா தண்ணி வருது. சுவரு பூரா நனைஞ்சு போச்சு.”

“அதுக்கென்ன அண்ணாச்சி, ஒரு டம்மி போட்டு அடைச்சிருவோம். அஞ்சு நிமிஷ வேலை.”

சங்கரன்கோவிலில் புது வீடு கட்டிக் குடிவந்தவருக்கும் பிளம்பருக்கும் நடுவே இந்தப் பேச்சு சர்வசாதாரணமாக நடக்கும். சங்கரன்கோவில் என்றில்லை, கீசர் மாட்டிய எந்த ஊரிலும் நடக்கும். ஐந்து நிமிஷத்தில் வேலையும் முடிந்துவிடும். சுவர் காய்ந்துவிடும், வீட்டுக்காரருக்கும் திருப்தி, பிளம்பருக்கும் திருப்தி. ஆனால் அந்தக் கீசரில் தண்ணீர் விரிவதற்கு இருந்த ஒரே வழி அதோடு அடைபட்டுவிடும்.

அந்தச் சொட்டு எதற்காக வருகிறது? அதை அடைத்தால் உள்ளே என்ன நடக்கும்? குளிர்நாடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் சென்ட்ரல் ஹீட்டிங் சிஸ்டத்துக்கு விதிக்கப்பட்ட அதே பாதுகாப்புகள், நம்ம ஊர் பாத்ரூமில் தொங்கும் 15 லிட்டர் தொட்டிக்கும் ஏன் தேவைப்படுகின்றன?

பாட்டி வீட்டு பாய்லர் ஏன் வெடிக்கவில்லை?

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் சங்கரன்கோவில். இருந்தாலும் மார்கழி, தை மாத விடியற்காலைகளில் பச்சைத்தண்ணீரில் குளிக்க இங்கேயும் யோசிப்பார்கள். வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் வருஷம் முழுக்க வெந்நீர் வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்பு இதற்கு இரண்டு வழிதான். ஒன்று, விறகடுப்பில் வெந்நீர் அண்டா. இன்னொன்று, கொஞ்சம் வசதியான வீடுகளில் செம்பு பாய்லர்.

அந்தச் செம்பு பாய்லரைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நடுவில் ஒரு குழாய், அதில் கரியோ சிரட்டையோ போட்டுத் தீ மூட்டுவார்கள். சுற்றிலும் தண்ணீர். மேலே உள்ள புனலில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால், பக்கத்து மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வெளியே வரும். புனல், மூக்கு இரண்டுமே எப்போதும் திறந்திருக்கும். தண்ணீர் கொதித்தால் ஆவி வெளியேறும். சூட்டில் விரிந்தால் மூக்கில் வழியும். எவ்வளவு தீ போட்டாலும் உள்ளே அழுத்தம் ஏற வழியில்லை. வெப்பமும் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அதனால்தான் வால்வும் இல்லை, கட்-அவுட்டும் இல்லை, ஆனாலும் ஆபத்தில்லை. கை சுட்டுக்கொண்டவர்கள் இருக்கலாம், பாய்லர் வெடித்ததாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

கீசர் அப்படியில்லை. அது மூடிய தொட்டி. எப்போதும் தண்ணீரால் முழுக்க நிரம்பியிருக்கும். மேலே காற்றுக்கு இடம் கிடையாது. குழாயைத் திறக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வெந்நீர்ப் பக்கம் மூடியே இருக்கும். பச்சைத்தண்ணீர் வரும் பக்கத்தில்தான் நம்ம கதாநாயகன் இருக்கிறான். மல்டி-ஃபங்ஷன் வால்வு, சுருக்கமாக எம்.எஃப்.வி. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சின்ன பித்தளைத் துண்டு.

இந்த வால்வுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதல் வேலை நான்-ரிட்டர்ன்: தண்ணீரைக் கீசருக்குள் விடும், திரும்ப விடாது. மேல் டேங்க் காலியானாலும் கீசர் காலியாகாமல் காக்கும். தண்ணீர் இல்லாத தொட்டியில் ஹீட்டர் காயில் ஓடினால் கருகிவிடும் அல்லவா? இரண்டாவது வேலை, உள்ளே அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் பக்கவாட்டுத் துளை வழியாகக் கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டு அழுத்தத்தைக் குறைப்பது.

சொட்டு வருவது அந்தத் துளையில்தான்.

ரெண்டு டம்ளர் தண்ணீர்

தண்ணீர் சூடானால் விரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எவ்வளவு விரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 25 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீரை 65 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ 25.4 லிட்டர் ஆகிவிடும். அதாவது சுமார் 400 மில்லி கூடுகிறது. ரெண்டு டம்ளர் தண்ணீர்.

ரெண்டு டம்ளர்தானே என்று தோன்றும். ஆனால் தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. தண்ணீரைக் காற்று மாதிரி அமுக்கிச் சுருக்க முடியாது. அந்த ரெண்டு டம்ளர் எங்கேயாவது போயே தீரணும். போக இடம் இல்லையென்றால், தொட்டியின் இரும்புச் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் தள்ளும், ஆறும்போது விடும். காலை, மாலை என்று வருஷக்கணக்கில் இப்படி இழுபட்டால் முதலில் வெல்டிங் விட்டுப்போகும், அல்லது கேஸ்கெட்டில் கசியும். கசிந்தால் நம் நல்ல நேரம்.

பழைய வீடுகளில் இது பிரச்சினையாகவே தெரியவில்லை. காரணம் எளிமையானது. மொட்டைமாடி டேங்கிலிருந்து நேராக இறங்கும் குழாய்; நடுவில் வால்வு ஏதும் இல்லை. விரிந்த தண்ணீர் வந்த வழியே மேலே ஏறி டேங்குக்குப் போய்விடும். டேங்க் திறந்த பாத்திரம். பாட்டியின் செம்பு பாய்லரைக் கொஞ்சம் நீளமாகக் கட்டிய மாதிரிதான் அந்த அமைப்பு. மேல் டேங்க் ஆறு மீட்டர் உயரத்தில் இருந்தால் கீசரில் விழும் அழுத்தமும் 0.6 பார் அளவுதான்; பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சுமார் ஒரு பார் என்பது கணக்கு.

இப்போது கட்டும் வீடுகளில் நிலைமை வேறு. ரெயின் ஷவர் வைக்கிறோம், அதற்கு விசை போதவில்லை என்று பிரஷர் பம்ப் வைக்கிறோம், பம்புக்குப் பின்னால் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. சென்னையில் 15 மாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருப்பவருக்கோ, இடையில் அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு இல்லையென்றால் பம்பே இல்லாமல் 4 பாருக்கு மேல் வந்துவிடும். திறந்திருந்த அமைப்பு நமக்குத் தெரியாமலேயே மூடிய அமைப்பாகிவிட்டது. அந்த ரெண்டு டம்ளருக்கு மிச்சம் இருக்கும் ஒரே வாசல் எம்.எஃப்.வி-யின் துளை.

ஆகவே கீசர் சூடாகும்போது மட்டும் சொட்டி, சூடேறி முடிந்ததும் நின்றால், வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். ரிப்பேர் எதுவும் இல்லை. ராத்திரி பகலாக, கீசர் அணைந்திருக்கும்போதும் சொட்டினால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும். அதற்கும் மருந்து அடைப்பது கிடையாது. அதைக் கீழே பார்ப்போம்.

குக்கர் சொல்லித்தரும் பாடம்

விரிவு ஒரு பாதி கதைதான். இன்னொரு பாதி இதைவிடப் பயங்கரமானது. அதைப் புரிந்துகொள்ள அடுப்படிக்குப் போனால் போதும்.

திறந்த சட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பிரஷர் குக்கரில் விசில் வெயிட் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால், தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை போகும். பருப்பு சீக்கிரம் வேகும் ரகசியம் அதுதான். அழுத்தம் ஏற ஏற, தண்ணீர் கொதிக்காமலேயே 100-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

கீசரிலும் இதுதான் நடக்க முடியும். தெர்மோஸ்டாட் பழுதாகி ஹீட்டர் நிற்காமல் ஓடினால், மூடிய தொட்டிக்குள் தண்ணீர் 110, 130, 150 டிகிரி என்று ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆவி வராது, கொதிக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்காது.

தொட்டி எங்கேயாவது கிழிந்தால்? அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். 150 டிகிரியில் இருக்கும் தண்ணீர் அந்தச் சூட்டில் தண்ணீராக இருக்க முடியாது. அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதி உடனடியாக ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600, 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். 15 லிட்டர் கீசருக்குக் கணக்குப் போட்டால் 2,000 லிட்டருக்கு மேல் ஆவி வருகிறது. மாடியில் நிற்கும் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் இரண்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவ்வளவு ஆவியும் கதவு சாத்திய ஒரு சின்ன பாத்ரூமுக்குள், கண் இமைக்கும் நேரத்தில். தொட்டி ராக்கெட் மாதிரி கிளம்புவதும் சுவர் இடிவதும் இதனால்தான்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? 2 கிலோவாட் ஹீட்டர், 15 லிட்டர், 30 டிகிரி தண்ணீர். 100 டிகிரியைத் தொட முப்பத்தைந்து, நாற்பது நிமிஷம். அங்கிருந்து 150-க்குப் போக இன்னும் அரைமணி நேரம்கூட வேண்டாம். மொத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஒரு ஆபீஸ் கால் பேசி முடிக்கும் நேரம்!

நாலு காவல்காரர்கள்

சரி, அப்படியென்றால் நாட்டில் தினமும் கீசர் வெடிக்க வேண்டுமே, ஏன் வெடிப்பதில்லை? ஒன்றை நம்பி இன்னொன்று இல்லாமல், அடுக்கடுக்காகக் காவல் போட்டிருக்கிறார்கள்.

முதலில் தெர்மோஸ்டாட். பெரும்பாலும் 60-லிருந்து 75 டிகிரிக்குள் ஹீட்டரை அணைத்து, ஆறியதும் மறுபடி போடும். தினமும் பல முறை உழைக்கும் ஆள் இவன்தான். அதனால் முதலில் கெட்டுப்போவதும் இவன்தான். உள்ளே இருக்கும் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் கரண்ட் நிற்கவே நிற்காது.

அப்போது எழுந்திருப்பது தெர்மல் கட்-அவுட். தெர்மோஸ்டாட் அளவைத் தாண்டி, ஆனால் கொதிநிலைக்குக் கீழே, மின்சாரத்தைத் துண்டிக்கும். ஒரு முறை துண்டித்தால் பெரும்பாலான கீசர்களில் தானாகத் திரும்பாது. மூடியைக் கழற்றிச் சின்ன பட்டனை யாராவது அழுத்த வேண்டும். அந்தத் தொல்லை வேண்டுமென்றே வைத்தது. முதல் காவல்காரன் ஏன் தூங்கினான் என்று ஒரு மனிதர் வந்து பார்க்கட்டும் என்பதற்காக.

பல மாடல்களில் மூன்றாவதாக ஃபியூசிபிள் பிளக். கொதிநிலையை நெருங்கும் சூட்டில் உருகி வழிவிடும் உலோகம். குக்கர் மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வின் அண்ணன் தம்பி. கடைசியாக, அழுத்தத்தைக் கவனிக்கும் எம்.எஃப்.வி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சேமிப்புக் கீசர் தொட்டிகள் பொதுவாக 8 பார் அழுத்தத்துக்கு மதிப்பிடப்பட்டவை. வால்வும் அதை ஒட்டித்தான் திறக்கும். ஆனால் 8 பார் அழுத்தத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 175 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். அதாவது அழுத்தத்தை மட்டும் கவனிக்கும் வால்வு, தண்ணீர் ஆபத்தான சூட்டுக்குப் போவதைத் தானாகத் தடுக்காது. சூட்டைக் கவனிக்க ஒருவர், அழுத்தத்தைக் கவனிக்க இன்னொருவர், இரண்டு பேருமே வேண்டும். அமெரிக்காவில் வீட்டு வாட்டர் ஹீட்டர்களில் இரண்டையும் ஒரே வால்வில் வைத்துவிடுகிறார்கள்: அழுத்தம் 10 பாரைத் தொட்டாலும் திறக்கும், சூடு 99 டிகிரியைத் தொட்டாலும் திறக்கும்.

நம்ம ஊரில் இந்த நால்வரில் இருவரை மனிதர்களே வேலையைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஒன்று, மேலே சொன்ன டம்மி. இன்னொன்று, “கட்-அவுட் அடிக்கடி விழுது சார், டைரக்ட் குடுத்துட்டேன், இனிமே பிரச்சினை வராது” என்று சொல்லும் ரிப்பேர். டைரக்ட் என்றால் கட்-அவுட்டைச் சுற்றி ஒயரை நேராக இணைத்துவிடுவது. கீசர் அன்றைக்கு ஓடும். ஒரு கீசரில் டம்மியும் டைரக்டும் சேர்ந்து இருந்தால், ஏற்கெனவே தள்ளாடும் தெர்மோஸ்டாட் ஒன்றுதான் மிச்சம். தனித்தனியாக இரண்டு பேர், இரண்டு வெவ்வேறு வருஷங்களில் செய்த வேலையாக இருக்கலாம். வாடகைக்கு வருபவருக்கு இரண்டுமே தெரியாது.

குக்கரிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. தேய்ந்த சேஃப்டி வால்வுக்குப் பதிலாக மலிவான போலி வால்வுகளை மக்கள் மாட்டியதால் குக்கர்கள் வெடிப்பதைக் கண்ட டி.டி.கே. பிரெஸ்டிஜ், மூடியின் விளிம்பில் ஒரு திறப்பு வைத்து, அழுத்தம் மிஞ்சினால் கேஸ்கெட்டே பிதுங்கி ஆவியை வெளியே விடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. யாரும் போலி போட்டுக் கெடுக்க முடியாத இடத்தில் பாதுகாப்பை வைத்துவிட்டார்கள். கீசருக்கு அப்படி ஒரு ஏற்பாடு வரும்வரை டம்மிக்காரர்களிடமிருந்து நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

லண்டன் வீட்டில் என்ன செய்கிறார்கள்?

சங்கரன்கோவிலில் படித்து, நர்ஸாகவோ ஐ.டி. வேலைக்கோ இங்கிலாந்து போன பிள்ளைகள் முதல் குளிர்காலத்தில் சந்திக்கும் புது விஷயம், சமையலறைச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டி. அதை அவர்கள் பாய்லர் என்கிறார்கள். எரிவாயுவில் தண்ணீரைச் சூடாக்கி, வீட்டின் எல்லா அறைகளிலும் உள்ள ரேடியேட்டர்களுக்குச் சுற்றவிடும். அதே தண்ணீர்தான் மூடிய குழாய்களுக்குள் வருஷம் முழுக்கச் சுற்றும். சீல்டு சிஸ்டம் என்பது அதன் பெயர்.

சுவாரசியம் என்னவென்றால், அங்கேயும் பழைய வீடுகளில் நம்ம மொட்டைமாடி டேங்க் போலவே கூரைக்கு அடியில் ஒரு திறந்த டேங்க் இருந்தது. விரிந்த தண்ணீர் அதில் போய் விழும். பிறகு இடத்தை மிச்சப்படுத்த அதை எடுத்துவிட்டு மூடிய அமைப்புக்கு மாறினார்கள். நாம் பிரஷர் பம்ப் வைத்ததும் அவர்கள் டேங்கை எடுத்ததும் ஒரே மாற்றம்தான். ஒரு வித்தியாசம்: அவர்கள் மாறும்போதே என்னென்ன வைக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள்.

விரிவதற்கு இடமாக எக்ஸ்பான்ஷன் வெசல் என்ற சிவப்புக் குடுவை அல்லது பெட்டிக்குள்ளேயே ஒரு தட்டையான டப்பா. நடுவில் ரப்பர் திரை, ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. தண்ணீர் விரிந்தால் காற்று அமுங்கிக்கொடுக்கும். ஒரு சொட்டும் வீணாகாது. அதையும் மீறினால் 3 பாரில் திறக்கும் வால்வு. அதன் குழாய் வீட்டுக்கு வெளியே, யார் மேலும் படாத இடத்தில் திறந்திருக்க வேண்டும். பிறகு ஒரு பிரஷர் மீட்டர். ஆறியிருக்கும்போது முள் 1-லிருந்து 1.5 பாருக்குள் நிற்க வேண்டும். போதாக்குறைக்குச் சூடு மிஞ்சினால் அணைக்கும் கட்-அவுட்.

அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு உபயோகமான ஒரு குறிப்பு. ஹீட்டிங் ஓடும்போது முள் 3-ஐத் தொடுகிறது, மறுநாள் காலையில் பார்த்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்றால், திரும்பத் திரும்பத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருப்பதில் பயனில்லை. குடுவையில் காற்று போயிருக்கலாம். விரியும் தண்ணீர் வால்வு வழியாக வெளியே போகிறது, ஆறியதும் பற்றாக்குறை விழுகிறது. பதிவுபெற்ற இன்ஜினீயரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

குழாய் வெந்நீருக்கான மூடிய தொட்டிகளை அந்நாட்டில் பொதுவாக அனுமதித்ததே 1980-களில்தான். இங்கிலாந்தின் கட்டட விதிகளில் ஜி3 என்ற பிரிவு இருக்கிறது. எந்தச் சூழ்நிலையிலும் தொட்டிக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டக் கூடாது, வெளியேறும் சூடான தண்ணீர் பாதுகாப்பாகப் போக வழி வேண்டும் என்பது அதன் சாரம். தெர்மோஸ்டாட் ஒரு காவலாகவே கணக்கில் வராது. அது தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் மற்றவற்றை யோசிக்கிறார்கள்.

நம்ம சட்டம் என்ன சொல்கிறது?

வெடித்த பிறகுதான் சட்டம் வரும் என்பது பாய்லர் விஷயத்தில் உலகம் முழுக்க நடந்த கதை. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். அடுத்த வருஷமே வங்காளத்தில் பாய்லர்களைச் சோதிக்கச் சட்டம் வந்தது. 1905 மார்ச் 20-ல் அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அந்த நாட்டின் பாய்லர் விதித்தொகுப்புக்கு அது வழிவகுத்தது. இந்தியா முழுமைக்குமான சட்டம் 1923-ல் வந்தது. நூறு வருஷம் கழித்து அதற்குப் பதிலாக பாய்லர்கள் சட்டம், 2025 வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பார்த்துக்கொள்ள கொதிகலன்கள் இயக்ககம் என்றே ஒரு துறை உண்டு.

ஆனால் இந்தச் சட்டத்தின் கண்ணில் உங்கள் கீசர் படாது. 25 லிட்டருக்குக் குறைவானவை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறைவான அழுத்தத்தில் இயங்குபவை, தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழ் மட்டும் சூடாக்குபவை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. நியாயமான விலக்குதான், வீடு வீடாக இன்ஸ்பெக்டர் வர முடியுமா? ஆனால் 100 டிகிரிக்குக் கீழ் என்ற அந்த நிபந்தனை, தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் உயிரோடு இருக்கும் வரைதான் உண்மை. டைரக்ட் கொடுத்த அன்றைக்கு அது வெறும் காகிதம்.

வீட்டுக் கீசருக்கு இருக்கும் கட்டுப்பாடு வேறு. சேமிப்பு வகை மின்சார வாட்டர் ஹீட்டர்களுக்கு ஐ.எஸ். 2082 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. ஆக, கடையிலிருந்து வெளியே வரும்போது கீசர் பாதுகாப்பானதுதான். சுவரில் மாட்டிய பிறகு அதை யாரும் சோதிப்பதில்லை. பில்லில் ‘இன்ஸ்டலேஷன் ஃப்ரீ’ என்று இருந்தாலும், கம்பெனி ஆள் வர ரெண்டு நாள் ஆகும் என்று தெரு முக்கில் கிடைத்த வால்வைப் போட்டு மாட்டிவிடுவது நம் அவசரம்.

சோலார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தென் மாவட்டங்களில் மாடிக்கு மாடி தெரியும் கண்ணாடிக் குழாய் சோலார் வாட்டர் ஹீட்டர்கள் பெரும்பாலும் அழுத்தம் தாங்காத வகை. தொட்டியின் உச்சியில் மேல்நோக்கி ஒரு மெல்லிய குழாய் நிற்குமே, அதுதான் ஏர் வென்ட். அந்த அமைப்பின் ஒரே பாதுகாப்பு. குருவி கூடு கட்டுகிறது, தூசி விழுகிறது என்று அதை மூடினால் நடுப்பகல் ஆவியில் தொட்டி உப்பும். வேகமாகத் தண்ணீர் எடுக்கும்போது வெற்றிடத்தில் நசுங்கவும் செய்யும். பிரஷர் பம்பின் லைனை நேராக இதில் இணைத்தால் கண்ணாடிக் குழாய்களின் ரப்பர் வளையங்கள் வழியே ஒழுகத் தொடங்கும்.

இன்றைக்கே பார்க்க வேண்டியவை

முதலில் கீசருக்குக் கீழே குனிந்து பாருங்கள். பச்சைத்தண்ணீர் குழாய் ஏறும் இடத்தில் எம்.எஃப்.வி. இருக்கிறதா? சில வீடுகளில் வால்வே இருக்காது; வெறும் நான்-ரிட்டர்ன் வால்வோ கேட் வால்வோ மட்டும் போட்டிருப்பார்கள். அது மோசமான நிலை, ஏனென்றால் கேட் வால்வை மூடிவிட்டுக் கீசரைப் போட்டால் தொட்டி முழுச் சிறை. எம்.எஃப்.வி. இருந்தால் அதன் பக்கவாட்டுத் துளை திறந்திருக்கிறதா, டம்மியோ எம்-சீலோ பூசியிருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் புது வால்வு மாட்டச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் சமாச்சாரம். அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும், வால்வில் குறித்த அழுத்தம் கீசரின் தகட்டில் உள்ள அளவுக்குப் பொருந்த வேண்டும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரின் அளவு பெரிய கீசரிலிருந்து மாறுபடலாம்.

நிற்காமல் சொட்டினால் இரண்டு காரணங்களை முதலில் சந்தேகிக்கலாம். ஒன்று, பம்பின் அழுத்தம் அதிகம். அதற்கு லைனில் பிரஷர் ரெடியூசிங் வால்வு போட வேண்டும். இன்னொன்று, போர் தண்ணீரின் உப்பு. வால்வின் இருக்கையில் படிந்து சரியாக மூடவிடாது. இதே உப்புதான் எதிர்த்திசையிலும் வேலை செய்யும்: கெட்டியாகப் படிந்து, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவிடாமல் ஒட்டவைத்துவிடும். உப்புத்தண்ணீர் ஊர்க்காரர்கள், சொட்டு திடீரென்று அடியோடு நின்றுபோனால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுவது நல்லது. வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்யும்போது தெர்மோஸ்டாட், கட்-அவுட், உள்ளே உள்ள மெக்னீசியம் ஆனோடு கம்பி, வால்வு நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். “கட்-அவுட் டைரக்ட்ல இருக்கா?” என்று வாய்விட்டே கேளுங்கள். வாடகை வீடு என்றால் குடிபோகும் முன்பே கேளுங்கள்.

குழாயைத் திறந்ததும் தண்ணீரோடு ஆவி சீறிக்கொண்டு வந்தால், அல்லது கீசருக்குள் கொதிக்கிற சத்தம் கேட்டால், தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் இரண்டுமே போய்விட்டன என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பாத்ரூம் ஸ்விட்சை நம்பாமல் மெயின் போர்டில் எம்.சி.பி-யை இறக்குங்கள். பச்சைத்தண்ணீர் வால்வை மூடாதீர்கள். எல்லோரும் வெளியே வந்து, கதவைச் சாத்தி, தொட்டி ஆறும்வரை மணிக்கணக்கானாலும் பொறுங்கள். மூடியைக் கழற்றிப் பார்ப்பது அதற்கப்புறம், அதுவும் மெக்கானிக் வந்து.

ஆடித்தபசு சமயத்தில் லாட்ஜ்கள் நிரம்பி வழியும் ஊர் இது. லாட்ஜ், ஹாஸ்டல், கல்யாண மண்டபம் நடத்துபவர்களிடம் 50, 100 லிட்டர் கீசர்கள் வரிசையாக இருக்கும். அங்கே வால்வின் துளையிலிருந்து ஒரு குழாயை இறக்கித் தரையின் தண்ணீர் போகும் வழிக்குக் கொண்டுவிடுவது அவசியம். திறந்தால் வருவது சுடுதண்ணீர், கீழே நிற்பது யாருடைய குழந்தையாகவும் இருக்கலாம். அந்தக் குழாய் வழி நெடுக இறக்கமாகவே போக வேண்டும், முனையில் பைப்பு மூடியோ டேப்போ கூடாது.

வீட்டில் சுவர் நனைவதுதான் தொல்லை என்றால் அதற்கும் இதே வழிதான். துளையின் முனையில் சூடு தாங்கும் ஒரு சின்ன டியூபைச் செருகி, கீழே தரைக்கோ வாளிக்கோ விட்டுவிடுங்கள். 25 லிட்டர் கீசருக்கு ஒரு முறைக்கு ரெண்டு டம்ளர். வாளி நிறையும்போது அதைத் தூக்கி மல்லிகைச் செடிக்கு ஊற்றலாம், ஆறிய பிறகு.